கை நனைக்காத வீடு

வாளியைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொள்கிறேன் தம்பி. மடியில் வைத்தால் பஸ் குலுக்குகிற குலுக்கில் உங்கள் சட்டையில் தெறித்துவிடும். ரசம். இந்தத் தூக்குவாளிக்கு மூடி சரியாக உட்காராது. நீங்கள் சன்னல் பக்கமே இருங்கள். நான் வழியில் நெடுவயலில் இறங்கிவிடுவேன்.

கருமாதிக்குப் போய்விட்டு வருகிறேன். என் தங்கை வள்ளிக்கண்ணு வீட்டுக்காரன், அடைக்கலம். மேலக்கொல்லை. நீங்கள் வெளியூர், கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். இந்தப் பக்கத்தில் அவன் பேரைச் சொன்னால் பஸ் நிற்கும் என்பார்கள். நிற்கத்தான் செய்யும். இந்த பஸ்ஸை இந்தப் பாதைக்குக் கொண்டுவந்தவனே அவன்தான். அது ஒரு தனி வயிற்றெரிச்சல், பிறகு சொல்கிறேன்.

உச்சுக்கொட்டாதீர்கள். காலையிலிருந்து அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். "நல்ல மனுசன், நல்ல மனுசன்." ஊரே ஒரு வாயாகச் சொல்கிறது. ஒரு மனுசன் செத்தால் ஒருத்தனாவது குறை சொல்ல வேண்டாமா? அதற்கு நான் ஒருத்தன்தான் மிச்சம்.

தாய்மாமன் என்ற முறைக்குத்தான் போனேன். மூத்த மகனுக்கு உருமால் கட்டுவது தாய்மாமன் வேலை. தகப்பன் போனபிறகு வீட்டுக்கு இனி நீ தலைவன் என்று தலையில் புதுத்துண்டைச் சுற்றுவது. அதை வேறு யாரும் செய்ய முடியாது. கட்டுவது, கும்பிடுவது, அந்த வீட்டில் கை நனைக்காமல் திரும்பிவிடுவது. இதுதான் கணக்கு. அவன் வீட்டில் ஒரு வாய்ச் சோறு தின்னாமல் என் தலைமயிர் முழுவதும் நரைத்திருக்கிறது தம்பி. கடைசி நாளில் போய் அதைக் கெடுத்துக்கொள்வேனா?

அவனைப் பற்றி என்ன சொல்வது. பொண்டாட்டிதாசன். நான் சொல்லவில்லை, ஊர் சொன்னது. மேலக்கொல்லையில் குடிதண்ணீர் ஊருணி கொஞ்சம் தூரம். என் தங்கை தலையில் தண்ணீர்க்குடம் ஏறி நான் பார்த்ததில்லை. இவன்தான் தோளில் ஒன்று, கையில் ஒன்றாகத் தூக்கிக்கொண்டு வருவான். பொம்பளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். "ஏன் மாமா, அக்கா இடுப்பு நோகுதா?" என்பார்கள். "குடிக்கிறப்ப நான் மட்டும் வேற தண்ணியா ஆத்தா குடிக்கிறேன்?" என்று கேட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். வெட்கம் கிடையாது.

மகள் கலைமணிக்குத் தலை பின்னிவிடுவான். சத்தியமாக. பேன் பார்த்து, எண்ணெய் வைத்து, ரெட்டைச் சடை போட்டு, ரிப்பனை மடித்துக் கட்டுவான். அவன் பின்னினால் சாயங்காலம் வரை கலையாதாம். தெருவில் உள்ள பிள்ளைகள் எல்லாம் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூட நேரத்தில் அவன் வீட்டு வாசலில் வரிசையில் நிற்கும். மீசை வைத்த ஆள் தம்பி!

ஊர் காரியத்துக்கும் அப்படித்தான். எந்தத் தெருவில் சாவு விழுந்தாலும் அரிவாளை எடுத்துக்கொண்டு மூங்கில் வெட்டப் போய்விடுவான். ஊருணியைச் சுற்றி முள் அடைப்பது அவன், திருவிழாவில் காணாமல் போன பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு தாய் பேரைக் கூவிக்கொண்டு திரிவது அவன். இவ்வளவையும் இன்றைக்கு மைக் போட்டுச் சொன்னார்கள். ஆனால் இந்த மாப்பிள்ளையைத் தேடிப் பிடித்தது யார்? நான். எங்கள் அப்பாவுக்கு அரைமனசு. "ரொம்பச் சிரிக்கிறானேடா" என்றார். நான்தான் பிடிவாதமாக நின்று முடித்தேன். அதை ஒருத்தராவது மைக்கில் சொன்னார்களா? அதை விடுங்கள்.

அவன் எனக்குச் செய்ததைக் கேளுங்கள்.

கலைமணிக்குக் காதுகுத்து. தலைப்பிள்ளை. குலசாமி கோயிலில் வைத்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும், உங்கள் பக்கத்திலும் அப்படித்தானே? நான் கிடாய், அரிசி மூட்டை, வாழைத்தார், பட்டுப்பாவாடை, கொலுசு எல்லாம் வண்டியில் ஏற்றிக்கொண்டு கொட்டோடு கிளம்பினேன். புது வேட்டி. பிள்ளை உட்கார வேண்டிய மடியல்லவா, அதற்காகவே எடுத்த வேட்டி.

சீர் கொண்டுபோகிறவன் திருடன் மாதிரி ஒளிந்தா போவான்? வழியில் உள்ள ஊர்க்காரன் நாலு பேர் பார்க்க வேண்டும். ஒவ்வொரு ஊர் முக்கிலும் வண்டியை நிறுத்தினேன். கொட்டுக்காரர்கள் ஒரு அடி அடித்தார்கள். "யார் வீட்டுச் சீரப்பா?" என்று கேட்டார்கள். சொன்னேன். கிடாயை இறக்கிக் காட்டச் சொன்னார்கள். இறக்கிக் காட்டினேன். இறக்கின கிடாய் ஒரு ஊரில் ஏறமாட்டேன் என்றது. அதனால் கொஞ்சம் பிந்திவிட்டது. கொஞ்சம்தான். வெயில் உச்சிக்கு வந்திருந்தது, அவ்வளவுதான்.

போனால் பிள்ளை அழுதுகொண்டிருக்கிறது. காதில் மஞ்சள். குத்தி முடித்துவிட்டார்கள். யார் மடியில் என்று நினைக்கிறீர்கள்? ஆண்டியப்பன் மடியில்! என் சித்தப்பா மகன். முறைக்கு அவனும் மாமன்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கூடப் பிறந்தவன் நான் இருக்கும்போது அவன் மடி என்ன மடி? ஒரு வாழைப்பழம்கூட வாங்கிவராத மடி!

"என்ன மாப்ளே இது?" என்றேன்.

அவன் சிரித்துக்கொண்டு வந்தான். வந்து என் கையைப் பிடித்தான். "கோவிச்சுக்காதீங்க மச்சான். ஆசாரி அடுத்த ஊருக்குப் போகணும்னு நின்னாரு, நல்ல நேரமும் போயிருச்சு. நீங்க வர்றதுக்குள்ள பிள்ளை வயசுக்கு வந்துருமோன்னு பயந்துட்டேன்."

கோயில் பந்தல் முழுக்கச் சிரிப்பு. ஆசாரி சிரித்தார். என் தங்கை சிரித்தாள். என் பொண்டாட்டி என்னோடுதான் வந்தாள் தம்பி, என் வண்டியில்தான் வந்தாள். இறங்குவதற்கு முன்னாலேயே சிரித்தாள்.

எனக்குக் கண் சிவந்துவிட்டது. சாமி பார்க்கச் சொன்னேன்: "உன் வீட்ல இனிமே நான் கை நனைச்சா நான் எங்கப்பனுக்குப் பொறக்கல." சீரை எல்லாம் இறக்கி வைத்துவிட்டேன். கிடாயை மட்டும் அவிழ்த்துக்கொண்டு திரும்பினேன். அதை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு வெட்டவும் மனசு வரவில்லை. கிழடாகித்தான் செத்தது. அதுவரைக்கும் அதன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் கோபம் புதுசாகவே இருந்தது.

மன்னிப்புக் கேட்க வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தான். வெற்றிலைத் தட்டோடு வந்தான். நான் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டேன். அடுத்த மாதமும் வந்தான். அப்போதும் கொல்லைப்பக்கம். அவன் நடையாய் நடந்ததை ஊர் சொல்கிறது. கொல்லையில் நெருஞ்சி முள்ளில் நான் நின்ற நிற்பை யார் சொன்னார்கள்?

அதற்காகத் தாய்மாமன் கடமையில் ஒரு குறை வைக்கவில்லை. அந்த வீட்டில் எந்த நல்லது நடந்தாலும் சீரோடு முதல் ஆளாக... சரி, முதல் ஆளாக இல்லாவிட்டாலும், போனேன். வாசலில் நின்று செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு வந்துவிடுவேன். கலைமணி கல்யாணத்தன்று பசி காதை அடைத்தது. எதிரே ஒரு டீக்கடை. டீயும் வடையும் தவிர ஒன்றும் விற்காத கடை. அன்றைக்குப் பார்த்து அந்தக் கடைக்காரன் வாழையிலை போட்டான். சாம்பார், கூட்டு, அப்பளம், பாயசம். நம் நல்ல நேரம் பாருங்கள். கல்யாண வீட்டுக்குப் போட்டியாகப் போட்டிருப்பான் போல. நன்றாகச் சாப்பிட்டேன். ஒருத்தன் வீட்டில் கை நனைக்காவிட்டால் உலகத்தில் சோறு கிடைக்காமலா போய்விடும்?

பஸ் கதையைச் சொல்லவில்லையே. முன்னே இந்த பஸ் மேலக்கொல்லையிலிருந்து மெயின் ரோட்டில் ஏறி நேராக அறந்தாங்கி போய்விடும். எங்கள் நெடுவயல் உள்ளே ஒதுங்கிக் கிடந்தது. இவன் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, நாலு பேரைப் பார்த்து, பஸ்ஸை எங்கள் ஊர் வழியாகத் திருப்பிவிட்டான். அவன் ஊருக்கு அதனால் என்ன லாபம்? ஒன்றுமில்லை. சுற்றுத்தான் அதிகம். முதல் நாள் மாலை போட்டு பஸ் வருகிறது. எங்கள் ஊரே நிற்கிறது. நானும் சும்மா நின்றேன். படியில் தொங்கிக்கொண்டு வந்தவன் என்னைப் பார்த்துக் கத்துகிறான்: "மச்சான்! இனிமே கிடாய் மேல பழி போட முடியாது! நேரத்துக்கு வந்து சேருங்க!"

பார்த்தீர்களா? என்னை ஒரு வார்த்தை சொல்வதற்காக பஸ்ஸையே திருப்பிவிட்டிருக்கிறான். அன்றிலிருந்து இந்த பஸ்ஸில் ஏறினாலே எனக்கு ஆகாது. தினமும் ஏறுகிறேன், வேறு என்ன செய்வது.

எங்கள் ஊர் நிறுத்தத்தில் சிக்கந்தர் பாய் டீக்கடை வைத்திருக்கிறார். தங்கமான மனுசன். தீபாவளிக்கு அதிரசம் சுட்டு எனக்கென்று ஒரு சம்புடம் எடுத்து வைப்பார். எங்கள் சாதிசனத்தில்கூட அந்தப் பதம் ஒருத்தருக்கும் வராது. மேலே மொறுமொறுப்பு, உள்ளே மெத்து. கொஞ்சம் சுக்கு தூக்கலாக இருக்கும், எங்கள் அம்மா போடுகிற மாதிரி. நோன்புப் பெருநாளைக்கு ஏன் பாய் இதைச் சுடுவதில்லை என்று ஒருமுறை கேட்டேன். "அது என்னமோ அண்ணே, தீபாவளிக்குத்தான் எனக்குக் கை வருது" என்றார். சிலருக்கு அப்படி.

பிறகு எனக்குக் குடலிறக்கம் வந்து பெரியாஸ்பத்திரியில் கிடந்தேன். அங்கே கேண்டீன் சாப்பாடு. எல்லாரும் ஆஸ்பத்திரிச் சோற்றைத் திட்டுவார்கள். நான் திட்டமாட்டேன். அப்படி ஒரு ரசம் நான் குடித்ததில்லை. மிளகு நுணுக்கிப் போட்டு, மேலே மல்லித்தழை மிதக்க, சூடாக. வேலைக்காரம்மா வேளாவேளைக்குக் கொண்டுவந்து வைக்கும். பக்கத்துக் கட்டில்காரனுக்கு அந்த ரசம் வரவில்லை. அவனுக்கு என்ன வியாதியோ, பத்தியமாக இருக்கும். அடைக்கலமும் அந்தச் சமயம் ஆஸ்பத்திரிக்கு எதற்கோ வருவான். ஜன்னல் வழியே பார்ப்பேன், வேப்பமரத்தடியில் தூக்குவாளியோடு நிற்பான். யாரையோ பார்க்க வந்திருக்கிறான். இவனுக்குத்தான் ஊர்பட்ட நோயாளிகள் சொந்தமாயிற்றே. ஏறி வந்து என்னை ஒரு எட்டுப் பார்த்தானா? இல்லை. அதையும் மனசில் வைத்துக்கொண்டேன்.

போன ஆடியில் அவன் படுத்துவிட்டான். போனேன். என்ன இருந்தாலும் தங்கை புருசன். வாசற்படியில் நின்றேன். கட்டிலில் கிடந்தபடியே பார்த்துவிட்டான்.

"உள்ள வாங்க மச்சான். சாப்பிடச் சொல்ல மாட்டேன். தண்ணிகூடக் குடுக்க மாட்டேன். பயப்படாம வாங்க."

போய் உட்கார்ந்தேன். வெயிலில் நடந்து போனது, நாக்கு ஒட்டிக்கொண்டது. வள்ளிக்கண்ணு சொம்பை எடுத்தாள். "வை புள்ள கீழே. அவரு சபதத்தை நாம கெடுக்கக் கூடாது" என்றான். கடைசிவரை தண்ணீர் கொடுக்கவில்லை தம்பி! எலும்பும் தோலுமாகக் கிடந்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். நானும் எழுந்திருக்கவில்லை. பொழுது சாயும்வரை உட்கார்ந்தே இருந்தேன். வெயில் தாழட்டும் என்றுதான்.

அதுதான் கடைசி.

இன்றைக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் கருமாதி என்றால் காலையில் குளத்தங்கரைக் காரியம், மத்தியானம் பந்தி, பந்தியெல்லாம் முடிந்த பிறகுதான் உருமால். எனக்கு அது வசதி. எல்லாரும் சாப்பிட்டுக் கை கழுவின பிறகு போய் இறங்கினால் "சாப்பிடு" என்று இழுக்க ஆள் இருக்காது. அதனால் பொண்டாட்டியை முதல் பஸ்ஸில் அனுப்பிவிட்டு பாய் கடையிலேயே உட்கார்ந்திருந்தேன். அடுத்த பஸ்ஸையும் விட்டேன். மூன்று மணி பஸ்ஸில் ஏறினேன்.

போய் இறங்கினால் பந்தல் நிறைய ஜனம். ஒரு இலை விழவில்லை. கட்டுப் பிரிக்காத இலை ஓரமாகக் கிடக்கிறது. சோறு, குழம்பு எல்லாம் மூடி வைத்திருக்கிறார்கள். அத்தனை பேரும் என்னைப் பார்க்கிறார்கள். பசித்த ஊர் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பார்க்கவும் வேண்டாம்.

"வாய்யா தாய்மாமா" என்றார் ஊர் அம்பலம். ஊர்த்தலைவரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். "மொதல்ல உருமாலைக் கட்டு. இன்னைக்கு அதுக்கப்புறந்தான் எலை."

"வழக்கம் அப்படி இல்லையே?"

"இன்னைக்கு அப்படித்தான். கட்டுய்யா, உனக்குப் புண்ணியமாப் போகும்."

மருமகன் சோலைராசு மணையில் உட்கார்ந்திருந்தான். துண்டை எடுத்துச் சுற்றினேன். அப்பன் தலைதான், அதே ஏறு நெற்றி, அதே சுழி. முடிச்சு நிற்கவில்லை. இரண்டு தரம் அவிழ்ந்துவிட்டது. புதுத்துண்டு, வழவழப்பு. வேறொன்றுமில்லை. மூன்றாவது தரம் நின்றது.

உடனே முதல் இலையைப் போட்டார்கள். உருமால் கட்டின மாமன் உட்கார்ந்தால்தான் மற்றவர்கள் உட்கார வேண்டுமாம். "எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று செருப்பைத் தேடினேன். பந்தலில் ஒரு முனகல் கிளம்பிற்று. அப்போது ஆண்டியப்பன் எழுந்தான். அந்தப் பழைய மடிக்காரன்தான். பல் எல்லாம் விழுந்துவிட்டது, வாய் மட்டும் விழவில்லை.

"நீ ஒக்காரலைன்னா சொல்லிரு. அந்த எலையிலயும் நானே ஒக்காந்துக்கிறேன்."

கருமாதி வீடு தம்பி! சிரிக்கிறார்கள்!

நான் வாயைத் திறப்பதற்குள் சோலைராசு உருமாலோடு வந்து என் முன்னால் நின்றான். மெதுவாகத்தான் சொன்னான், ஆனால் பந்தலே அமைதியாகக் கேட்டது.

"அப்பா சொல்லிட்டுப் போச்சு மாமா. 'மச்சான் என் வீட்லதான கை நனைக்க மாட்டேன்னு சொன்னாரு. உருமாலைக் கட்டிட்டா அது உன் வீடு. உன் வீட்டை அவரு ஒண்ணும் சொல்லலை. அதனால மொதல்ல உருமால், அப்புறம் எலை'ன்னுச்சு."

ஒரு செருப்பு அகப்பட்டது, காலில் மாட்டினேன்.

"இன்னொண்ணும் சொல்லுச்சு. 'எப்படியும் லேட்டாத்தான் வருவாரு. அவரு வர்றவரைக்கும் ஒருத்தருக்கும் எலை போட்டுறாத. அன்னைக்கு நான் காத்திருக்கலை. இன்னைக்கு ஊரே காத்திருக்கட்டும்'னு."

பார்த்துக்கொள்ளுங்கள். செத்த பிறகும் நான் லேட்டு என்று ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டான்! அதுவும் மகன் வாயால்! அவன் இருந்திருந்தால் பதிலுக்கு நறுக்கென்று ஒன்று கொடுத்திருப்பேன். இல்லாதவனிடம் என்ன சொல்வது? மாட்டின செருப்பைக் கழற்றிப் போட்டேன், கோபத்தில்.

உட்கார்ந்தேன்.

சபதத்தை மீறவில்லை, நீங்கள் ஒன்றும் தப்பாக நினைக்காதீர்கள். சாப்பிட்டது சோலைராசு வீட்டில். அடைக்கலம் வீட்டில் இன்றுவரை நான் கை நனைத்ததில்லை. யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

கலைமணிதான் பரிமாறினாள். அவளுக்கே இப்போது காது குத்துகிற பேத்தி இருக்கிறது. குனிந்து குனிந்து போடுகிறாள், அந்தக் காது கண்ணுக்கு நேரே வருகிறது. பார்க்காமல் இலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரசம் ஊற்றினாள். ஒரு வாய் வைத்தேன். அப்படியே நின்றுவிட்டது கை.

"ஆத்தா, இது ஆஸ்பத்திரி கேண்டீன் ரசமில்ல? அந்தச் சமையக்காரனையா கூட்டியாந்திருக்கீங்க?"

"நான்தான் மாமா வச்சேன். அப்பா கத்துக்குடுத்தது. எங்க வீட்ல ரசம் எப்பவும் அப்பாதான் வைக்கும்."

யோசித்தேன். எனக்கு உடனே விளங்கிவிட்டது. நான் படிக்காதவன்தான், ஆனால் இதெல்லாம் பிடித்துவிடுவேன். "சரித்தான். அந்தக் கேண்டீன்காரன்கிட்டதான் உங்கப்பன் கத்துக்கிட்டிருக்கான். அதான் தினம் வாளியைத் தூக்கிக்கிட்டு மரத்தடியில நின்னான்!"

மூலையில் வள்ளிக்கண்ணு உட்கார்ந்திருந்தாள். அவன் போனதிலிருந்து வாயைத் திறக்காதவள். என்னைப் பார்த்தாள். சிரித்தாள். சிரித்தவள் நிறுத்தவில்லை, சேலையால் முகத்தை மூடிக்கொண்டு சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல் குலுங்கினாள். "அண்ணே, உன்னை வச்சுக்கிட்டு அந்த மனுசன் எப்படித்தான்..." என்றாள், முடிக்கவில்லை. நான் என்ன சொல்லிவிட்டேன் சிரிக்க? பொம்பளைகள் துக்கம் எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது. கிளம்பும்போது அவளே மிச்ச ரசத்தை இதில் ஊற்றிக் கையில் கொடுத்துவிட்டாள்.

அதோ எங்கள் கண்மாய் தெரிகிறது. இறங்க வேண்டும். இந்த வாளியைக் கொஞ்சம் பிடியுங்கள், எழுந்துகொள்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும் தம்பி உங்களிடம், நாலு எழுத்துப் படித்தவர். காலையில் பாய் கடையில் உட்கார்ந்திருந்தேன் என்றேனே. பாய் சொல்கிறார்: "அண்ணே, இந்தத் தீபாவளிக்கு அதிரசம் கிடையாதுண்ணே." ஏன் பாய் என்றேன். பதில் சொல்லாமல் அந்தப் பக்கம் திரும்பிப் பாலை ஆற்றிக்கொண்டே இருந்தார். துக்கம் விழுந்த வீட்டில் வருசம் திரும்புகிறவரை பலகாரச் சட்டி வைக்க மாட்டார்கள், எனக்குத் தெரியாதா? வள்ளிக்கண்ணு வீட்டில் வைக்க மாட்டார்கள், நியாயம். ஆனால் செத்தது என் மாப்பிள்ளை. அதற்கு பாய் ஏன் அதிரசம் சுடாமல் இருக்க வேண்டும்?

என்ன தம்பி, நீங்களும் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்?